கீழே வை, அப்பா

1

இதை நான் முதலில் கதையாக எழுதவில்லை. வாக்குமூலமாகத்தான் எழுதினேன். கோடு போட்ட முழுத்தாளில் ஏழு பக்கம், நீல மை, என் கையெழுத்து. எடுத்துக்கொண்டு போய் வீணா மேடம் மேசையில் வைத்தேன். அவர் கன்னடம் கலந்து தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. "நீங்களே ஓதிச் சொல்லும்மா" என்றார். படித்தேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"இது ஸ்டேட்மென்ட் இல்லம்மா, கதெ. கோர்ட்டுக்கு நாலு லைன் போதும். யாரு வந்தாங்க, ஏனு ஆச்சு, எஷ்டு மணிக்கு. அஷ்டே."

"அந்த நாலு லைன் அன்னிக்கே குடுத்தாச்சே மேடம். அதுலதான் தப்பு."

"தப்பு எல்லி இருக்கு? எல்லாமே நிஜம்தானே?"

அதுதான் சங்கடம். எல்லாமே நிஜம்தான்.

அந்த நாலு வரியையும் இங்கே வைத்துவிடுகிறேன். கன்னடத்தில் எழுதியிருந்தார்கள், எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். தமிழில் இப்படி வரும்:

தந்தை பதினொரு மணிக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, குழந்தையின் முன் மேசைமேல் வைத்தார். ஊழியர் தடுத்தார். தந்தை கத்தியைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கினார். குழந்தை நெடுநேரம் அழுதது.

ஏழு பக்கத்தையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். தலைப்பில் இருந்த 'வாக்குமூலம்' என்ற சொல்லை அடித்தேன். கதை என்று சொல்லிவிட்டார்கள், கதையாகவே இருக்கட்டும். வாக்குமூலத்தை ஒருவர்தான் படிப்பார். கதை என்றால் நீங்கள் இருக்கிறீர்கள்.

2

இந்த நகரத்தில் ஓர் அறை உண்டு. எந்தக் கட்டிடம், எத்தனாவது மாடி என்று சொல்ல மாட்டேன். பிரிந்து வழக்கு நடத்துகிற அப்பா அம்மாக்களில், பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் வந்து ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிற அறை. நீலப் பாய், உயரம் குறைந்த மேசை, யானை வடிவ முதுகு வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். வீணா மேடம் ஓரத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதுவார். நான் பாயில் உட்கார்ந்து கதை சொல்வேன்.

என்னை யாரும் அங்கே வேலைக்கு வைக்கவில்லை. ஒரு மழலைப் பள்ளியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்தேன். எழுத்துக் கூட்டப் பழகியதும் அங்கேதான், பிள்ளைகளுக்குப் பின்வரிசையில் துடைப்பத்தோடு நின்று. பிறகு தங்கை மகளின் வழக்குக்குத் துணையாக ஒருநாள் இந்த அறைக்கு வந்தேன். ஒரு பையன் அழுதுகொண்டிருந்தான். ஒரு கதை சொன்னேன். நிறுத்தினான். அடுத்த சனிக்கிழமையும் வந்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் என்னைக் கதைம்மா என்பார்கள், பெரியவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

(என்னைப் பற்றி இவ்வளவு போதும். இதற்கே வீணா மேடம் கையை உயர்த்தினார்.)

கதையை எங்கே தொடங்குவது? ஏழு பக்கத்துக்கு முன்னால் கிழித்துப் போட்ட தொடக்கங்கள் இரண்டு:

"மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில், பூக்காரர்களுக்கும் பையோடு நடக்கிறவர்களுக்கும் நடுவே, ஒருவன் கடை கடையாகக் கத்தி தேடிக்கொண்டு..."

வேண்டாம். கத்தி தேடுகிறவன் என்று சொன்னதுமே நீங்கள் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். அந்த நாலு வரி செய்ததும் அதைத்தானே?

"ஒரு பல் முளைப்பதற்காக ஓர் அப்பா காத்திருந்தான்."

இது இருக்கட்டும்.

3

ஒரு பல் முளைப்பதற்காக ஓர் அப்பா காத்திருந்தான். பெயர் இராஜமாணிக்கம், எல்லோருக்கும் ராஜு. ஒக்கலிபுரத்தில் வீடு. வீடுகளுக்கு இணைய இணைப்பு இழுத்துக் கொடுக்கிற வேலை. தோளில் ஏணி, இடுப்பில் ஒயர் சுருள். அவன் மனைவி லீனா, மகள் இளவேனிலைக் கூட்டிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம். இரண்டாவது சனி, நாலாவது சனி, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வேனியைப் பார்க்க அவனுக்கு உத்தரவு இருந்தது.

(பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வேனி என்ற பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. பிறகு அதையும் மாற்றிவிட்டேன்.)

அவன் அரை மணி முன்னதாகவே வந்துவிடுவான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். சந்தாபுராவிலிருந்து பஸ் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. காத்திருக்கிற நேரத்தில் என்னோடு பேசுவான். ஒருநாள் கேட்டான்:

"கதைம்மா, ஏழு வயசுப் பொண்ணுக்கு எந்தக் கத்தி சரியா வரும்?"

"பொண்ணுக்குக் கத்தியா? உனக்கென்ன பைத்தியமாடா?"

"மடக்குக் கத்திம்மா. சின்னது. ப்ராமிஸ் பண்ணிட்டேன்."

அவர்கள் மூவரும் ஒரே அறையில் இருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை ராஜு தரையில் உட்கார்ந்து மிஞ்சிய ஒயர்த் துண்டுகளை உரிப்பானாம். பக்கத்தில் வேனி. சிவப்பு, பச்சை, மஞ்சள். தன் கத்தியை அவள் கையில் வைத்து, மேலே தன் கையை வைத்து, மேல்தோலை மட்டும் கீறச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். உள்ளே இருக்கும் செம்பு தெரிந்ததும் "வந்துச்சு, வந்துச்சு!" என்று கத்துவாளாம். உரித்த தோல்களைக் கோத்து வளையல் செய்துகொள்வாள். எனக்கே எனக்கு ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்த வாரம்தான் முன்பல் விழுந்திருந்தது. "இந்தப் பல்லு மொளைக்கட்டும், வாங்கித் தரேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அடுத்த வாரம் லீனா கிளம்பிப் போய்விட்டாள்.

இந்த அறைக்கு வருகிற அப்பாக்கள் வந்ததும் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பார்கள், சாக்லேட் கொடுப்பார்கள், சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள். ராஜு முதலில் "ஆ காட்டு" என்பான். வேனி தலையை அண்ணாந்து வாயைத் திறப்பாள். அவன் எட்டிப் பார்ப்பான். "அரிசி நுனி அளவு வந்திருக்கு" என்பான் ஒரு சனி. "பாதி அரிசி" என்பான் அதற்கடுத்த சனி. மகள் தன்னைவிட்டுப் பிரிந்து எத்தனை நாள் இருக்கிறாள் என்பதை அந்தப் பல்லை வைத்துத்தான் அவன் தெரிந்துகொண்டான்.

4

கத்தி வாங்க அவன் எடுத்துக்கொண்ட சிரமத்தை எழுத வேண்டும். நாலு வரியில் அது 'ஒரு கத்தி' என்று இருக்கிறது.

முதலில் போனில் படம் காட்டினான். சிவப்புப் பிடி, உள்ளே கத்தரி, பல்குச்சி, திருப்புளி எல்லாம் மடித்து வைத்தது. "அழகா இருக்கே" என்றேன். "விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்மா. நகத்தால இழுத்துத் தெறக்கணும். அவ நகம் ஒடஞ்சுரும்" என்று அதைத் தள்ளிவிட்டான்.

அடுத்தது சிட்டி மார்க்கெட்டில் பார்த்த எஃகுக் கத்தி. அதையும் தள்ளினான். திறந்தால் பூட்டிக்கொள்ளாது, அழுத்தினால் மடங்கி விரலில் விழும் என்றான். பூட்டு இல்லாத கத்தியைப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாதாம். வளையம் ஒன்று இருக்க வேண்டும், திறந்ததும் அதைத் திருகினால் அலகு அசையாமல் நிற்க வேண்டும்.

"மொட்டையா இருக்கிறதா பார்த்து வாங்குடா" என்றேன், எனக்குத் தெரிந்ததை.

"மொட்டைக் கத்திதாம்மா கைய வெட்டும். வெட்டலையேன்னு அழுத்துவோம், வழுக்கிடும். கூரா இருந்தா மெதுவா வெச்சாலே போதும். நுனிய மட்டும் நான் அரம் போட்டு உருட்டிடறேன். குத்திக்காது."

ஒரு சனிக்கிழமை விளையாட்டுப்போல வேனியின் உள்ளங்கையைத் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தான். அவள் தன் பங்குக்கு அவன் கையை வரைந்தாள், ஒரு விரலுக்குத் தாளில் இடம் போதவில்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போனான். அலகு அவளுடைய நாலு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. கடையில் இடதுகைச் சுண்டுவிரலால் திறந்து பார்ப்பானாம். "என் சுண்டுவெரலும் அவ கட்டவெரலும் ஒரே பலம்." ஒரு கடைக்காரர், "யாருக்கு ஸார், பாப்பாவுக்கா?" என்று சிரித்தாராம். "ஆமா, பாப்பாவுக்குத்தான்" என்றாராம் இவர்.

(இவர் என்று எழுதிவிட்டேன் பாருங்கள். எழுதிக்கொண்டே வரும்போது அவன் மேல் மரியாதை கூடிவிடுகிறது. இதைப் பற்றி அடுத்த பகுதியில்.)

கடைசியில் மஞ்சள் மரப்பிடி வைத்த கத்தி ஒன்று. ஏன் மஞ்சள்?

"அவ எங்க உக்காந்தாலும் அங்கயே சாமானப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவா. மஞ்சளா இருந்தா புல்லுலகூட கண்ணுல படும்."

5

இப்போது ஒரு சந்தேகம். இந்த ராஜுவை நான் இவ்வளவு நல்லவனாக எழுதுவது சரியா?

லீனாவின் மனுவில் ஒரு வரி உண்டு. கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசினார் என்று. அது பொய்யாக இருக்கும் என்று எழுதினால் உங்களுக்கு அவனைப் பிடிக்கும், எனக்கும் எழுத வசதி. ஆனால் அவனே என்னிடம் சொன்னான். "வீசினேன்மா. அவ மேல இல்ல, செவுத்துல. ஆனா அவ பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. சாம்பார் அவ முடியில தெறிச்சிருச்சு."

லீனாவையும் நான் சரியாக எழுதவில்லை. இதுவரை அவள் இந்தக் கதையில் இரண்டு முறை கிளம்பிப் போனதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. உண்மையில் அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளைக்குத் தலை பின்னி, நல்ல சட்டை போட்டு, இரண்டு பஸ் மாறி, தான் விட்டுவந்த மனிதனிடமே கூட்டிக்கொண்டு வருகிறவள். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. வேனிக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு மட்டும்தான் வரவில்லை, அன்றைக்கும் தானே போன் செய்து சொன்னாள்.

தட்டை வீசியவன், கத்தியை மேசையில் வைத்தான். இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த நீதிபதிக்கும் என்ன தோன்றும்? எனக்கே தோன்றும். நான் அங்கே இல்லாமலிருந்தால்.

நான் அங்கே இருந்தேன். அதற்கும் முன்னால் நடந்தது ஒன்று இருக்கிறது. இத்தனை பக்கம் சுற்றி வந்ததே அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான்.

6

ஒரு சனிக்கிழமை ராஜு நேரத்துக்கு வரவில்லை. எங்கோ ரோடு தோண்டி கேபிளை அறுத்துவிட்டார்கள், அதைச் சேர்க்காமல் அவனால் கம்பத்தைவிட்டு இறங்க முடியவில்லை. பதினொன்றே கால். பதினொன்றரை. வேனி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருவாரா கதைம்மா?"

"வருவாரு கண்ணு."

"கத்தி எடுத்துட்டு வருவாரா?"

"பல்லு முழுசா வரட்டும்."

கீழுதடு நடுங்கத் தொடங்கிவிட்டது. கையில் எது கிடைத்தாலும் அதை வைத்துக் கதை கட்டுவது என் வழக்கம். அன்றைக்குக் கையில் கிடைத்தது கத்தி. எங்கள் வீடுகளில் கத்தியையும் ஊசியையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராகத் தருவதில்லை. கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை எடுத்துக் கதையாக்கினேன்.

"ஓர் ஊர்ல அக்கா ஒருத்தி, தங்கச்சி ஒருத்தி. ரெண்டு பேரும் மாங்கா நறுக்கிட்டு இருந்தாங்க."

"மாங்காவா, மாம்பழமா?"

"காய்தான்."

"உப்பு வெச்சிருந்தாங்களா?"

"உப்பு, மொளகாப்பொடி எல்லாம் வெச்சிருந்தாங்க. தங்கச்சி கத்தியக் கேட்டா. அக்கா அதக் கீழ வெக்காம, அவசரத்துல நேரா கையில குடுத்துட்டா. குடுத்த ஒடனே ரெண்டு பேருக்கும் நடுவுல தரையில ஒரு கோடு விழுந்துச்சு. கோட்டுல தண்ணி ஊறுச்சு. தண்ணி வாய்க்காலாச்சு, வாய்க்கா ஆறாச்சு. அக்கா இந்தக் கரை, தங்கச்சி அந்தக் கரை. இவ கூப்பிடறது அவளுக்குக் கேக்கல. அவ கூப்பிடறது இவளுக்குக் கேக்கல."

"அப்புறம்?"

கதவு திறந்தது. ராஜு. மூச்சு வாங்க, சட்டையெல்லாம் புழுதியோடு. "சாரி கண்ணு, சாரி கண்ணு!" வேனி பாயைவிட்டுப் பாய்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மிச்சம் அப்புறம் சொல்றேன்" என்றேன் அவள் முதுகைப் பார்த்து.

பிறகு ஒரு படகு வந்து இருவரும் சேர்ந்துவிடுவார்கள். அதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த சனி அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த சனி ராஜு முன்னதாகவே வந்துவிட்டான். பிறகு நான் மறந்துவிட்டேன்.

அவள் மறக்கவில்லை.

7

பல் முழுசாக முளைத்த சனிக்கிழமை.

"ஆ காட்டு" என்றான் ராஜு. காட்டினாள். பார்த்தான். சட்டைப் பையில் கை வைத்தான். வாசலில் காவலாளி கிருஷ்ணப்பா பையைத்தான் சோதிப்பார். சட்டைப் பையை யாரும் பார்ப்பதில்லை. அதை மறைத்துக் கொண்டுவர வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. இந்த அறையில் கத்தி கூடாது என்ற விதி அவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "என் இடுப்புல எப்பவும் ஒரு கத்தி இருக்கும்மா. அத வாசல்ல குடுத்துட்டுதான் வருவேன். இது அவளோடது. இது கத்தின்னே தோணல" என்றான்.

கைக்குட்டையில் சுற்றியிருந்தது. கூடவே நாலைந்து ஒயர்த் துண்டுகள், சிவப்பும் பச்சையும். கைக்குட்டையைப் பிரித்து, மடித்த கத்தியை மகளிடம் நீட்டினான்.

வேனி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கையில குடுக்காதப்பா. கீழ வை."

"ஓ! இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதுப் பல் தெரிந்தது. என் கதை அவளுக்கு நினைவிருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். பெருமையாக இருந்தது.

ராஜு கத்தியை மேசைமேல் வைத்தான். மஞ்சள் பிடி அவள் பக்கம் வருவதுபோல் திருப்பியும் வைத்தான்.

வேனி வீறிட்டாள், சந்தோஷத்தில். அந்தச் சத்தத்துக்கு வீணா மேடம் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் பார்த்தது மேசை, கத்தி, எதிரே குழந்தை. அவரிடம் இருக்கும் கோப்பில் தட்டு வரியும் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"அய்யோ, ஏனு இது! கத்தி! எடுங்க அத, எடுங்க!"

வேனி பயந்து கத்தியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். மடித்த கத்திதான். ராஜு உள்ளங்கையை நீட்டினான்.

"குடுத்துடு கண்ணு. அப்பாகிட்டக் குடு."

"கையில மாட்டேன்."

"மேடம் திட்டறாங்க பாரு. அப்புறம் எடுத்துக்கலாம். குடு."

"கையில குடுக்க மாட்டேன்! கையில மாட்டேன்!"

அவள் குனிந்தாள். கத்தியைத் தரையில் வைக்கத்தான் குனிந்தாள். வீணா மேடத்துக்கு அது தெரியவில்லை. ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். அவர் இழுக்க, இவள் திமிற, எங்கே அலகு திறந்துவிடுமோ என்று பயந்து ராஜு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கிவிட்டான்.

கையிலிருந்து கைக்கு.

"வாங்கிட்டியே" என்றாள் வேனி. முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு அந்தக் கட்டிடம் முழுவதும் கேட்டது. "கையில வாங்கிட்டியே அப்பா! கையில வாங்கிட்டியே!"

லீனா உள்ளே ஓடி வந்தபோது அவள் கண்ட காட்சி இது: தரையில் புரண்டு அழும் மகள், எதிரே கையில் கத்தியோடு புருஷன்.

கத்தி போய்விட்டதே என்று குழந்தை அழுகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஏன் அழுதாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு பக்க வாக்குமூலத்தில், 'முழங்கால் வலியால் உடனே எழுந்திருக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். எழுந்திருக்கவில்லை.

8

அடுத்த விசாரணை வரைக்கும் சந்திப்பு கிடையாது என்று உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பத்து நிமிடம் பேசலாம். கத்தி ஓர் உறைக்குள் வீணா மேடத்தின் அலமாரியில் இருக்கிறது. ஒயர்த் துண்டுகளை யாரோ கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து, மேடத்திடம் வேனியைக் காட்டுவதற்காக லீனா வந்தாள். வேனி உள்ளே இருந்தாள். லீனா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கதைம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"வீடியோ கால்ல அவர் பேசிட்டே இருக்காரு. இவ வாயத் தெறக்க மாட்டேங்கறா. பேசுடின்னா, 'அப்பாவுக்குக் கேக்காது, நடுவுல ஆறு இருக்கு'ங்கறா. நெட்வொர்க் இல்லைன்னு சொல்ற மாதிரி சொல்றா. சந்தாபுராவுல ஏதும்மா ஆறு? உங்ககிட்டதான் நெறையப் பேசுவா. ஒங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

நான் அவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவரு தட்டு வீசினது நெஜம்" என்றாள் லீனா. "நான் மறக்க மாட்டேன். ஆனா வேனிகிட்ட ஒரு நாள் கொரல் ஒசத்திப் பேசினதில்ல. அப்புறம் எதுக்கும்மா புள்ள முன்னால கத்திய எடுத்து வெக்கணும்? என்னையப் பயமுறுத்தவா? யோசிச்சு யோசிச்சு எனக்குத் தூக்கமே போயிருச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. கோர்ட்ல நானே சொல்லிடறேன்."

இந்தக் கதை முடிய வேண்டிய இடம் அதுதான். ஒரு நிமிடம் போதும். 'உன் பொண்ணுதாம்மா கீழ வைக்கச் சொன்னா. அவளுக்கு அதச் சொல்லிக் குடுத்தது நான்.' அவ்வளவுதான். அவள் கேட்டும் விட்டாள். நாளைக்கே போய்ச் சொல்லவும் தயாராக இருந்தாள்.

"தெரியலம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். சொன்னால் அந்தப் பாயில் என்னை உட்கார விட மாட்டார்கள். கதை சொல்லிப் பிள்ளையின் மனசைக் கலைத்துவிட்டாள் என்பார்கள். ஒன்பது வருடச் சனிக்கிழமைகள். வேறு எங்கேயும் என்னை யாரும் எதிர்பார்த்துக் கதவைப் பார்ப்பதில்லை. காரணம் இவ்வளவு சின்னது.

அப்போது வேனி வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். எப்போதும்போல "கதைம்மா!" என்று ஓடி வரவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றாள். நாங்கள் இருவரும் கைகோத்துக் குலுக்கி விடைபெறுவது வழக்கம். அன்றைக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

9

முடிவுகள்.

ஒன்று. லீனாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் நீதிபதியிடம் சொல்கிறாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ராஜு "ஆ காட்டு" என்கிறான். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் லீனா என்னை மன்னிக்கிறாள். எழுதுகிறவள் தனக்குத் தானே மன்னிப்புக் கொடுத்துக்கொள்வதை நீங்கள் எதற்குப் படிக்க வேண்டும்? கிழித்துவிட்டேன்.

இரண்டு. வேனியை மடியில் வைத்து, "அது சும்மா கட்டின கதை கண்ணு, ஆறெல்லாம் இல்ல" என்கிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். அவள் அப்பா இப்போது ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள் வாயசைக்கிறார், பக்கத்தில் போகவோ தொடவோ முடியவில்லை. ஆறு இல்லை என்று எந்தத் தைரியத்தில்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

மூன்று. படகு. பாதியில் விட்ட கதையை முடித்து வைப்பது. அக்கா கூப்பிடுகிறாள், ஒரு படகு வருகிறது, தங்கை ஏறுகிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறாவது பகுதியில், படகு வந்து இருவரும் சேர்வார்கள், சொல்ல நேரமில்லை என்று எழுதினேன். போய்ப் பாருங்கள், எழுதியிருக்கிறேன். அது பொய். அன்றைக்கு என்னிடம் படகு இல்லை. ஆறு பெருகிவிட்டது, இரண்டு பேரையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேனி "அப்புறம்?" என்று கேட்டபோது என் வாயில் ஒன்றும் இல்லை. ராஜு கதவைத் திறந்ததும் அவனைவிட எனக்குத்தான் நிம்மதி. பிறகு மறந்துவிட்டேன் என்பதும் பொய். மிச்சம் இல்லாததால்தான் சொல்லவில்லை.

இன்னும் இல்லை. தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். படகு கொண்டுவந்தால், ஓட்டுகிறவன் யார் என்று வேனி கேட்பாள். பாலம் கட்டினால், இத்தனை நாள் ஏன் கட்டவில்லை என்பாள். ஆறு வற்றிவிட்டது என்றால் நம்ப மாட்டாள்.

இந்தச் சனிக்கிழமை லீனா மறுபடியும் வருகிறாள். விசாரணை அதற்கடுத்த வியாழன். ஏழு பக்கம் இப்போது இத்தனை பக்கம் ஆகிவிட்டது. லீனாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். வாயால் சொன்னால் நான் மறுபடி "தெரியலம்மா" என்றுதான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் தாள்களை எடுத்துக்கொண்டு போவேன். அவள் கையில் தர மாட்டேன். பெஞ்சில், எங்கள் இருவருக்கும் நடுவில் வைப்பேன். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். எடுத்துப் படிப்பதும், படித்ததைப் போய்ச் சொல்வதும், என் முகத்தில் விழிக்காமல் இருப்பதும் அவள் பாடு.

உங்களுக்கும் ஒரு பிரதி. ஆற்றின் இந்தக் கரையில் ஒருத்தி நிற்கிறாள், அந்தக் கரையில் ஒருத்தி. மாங்காய் கறுத்துப் போயிருக்கும். அவர்களைச் சேர்க்க உங்களிடம் எதாவது இருந்தால், சனிக்கிழமை பதினொரு மணிக்குள் எனக்குச் சொல்லுங்கள். பாயில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். "அப்புறம்?" என்று அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கையில் தரவில்லை. இதோ, கீழே வைக்கிறேன். கூரான கத்திதான், அழுத்த வேண்டாம். மஞ்சள் பிடி உங்கள் பக்கம் இருக்கிறது.